வாசனை வராத மீன்

என் மகனுக்கு,

நேற்று சாயங்காலம் ஃபோனில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "ஞாயித்துக்கிழமை வந்து ஊர் முன்னாடி தப்புனு சொல்லணுமாம்மா, வேணாமா? நீ சொல்ற மாதிரி செய்யறேன்." எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக வகுப்பில் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். நேற்று உன்னிடம் "உன் இஷ்டம்பா" என்றேன். அது பதில் இல்லை, நழுவல் என்று உனக்கும் தெரிந்திருக்கும். நீ ஃபோனை நந்தினியிடம் கொடுத்தாய். அவளும் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, அடுப்பே பத்த வைக்காம டப்பா மீனும் பீன்ஸும் போட்டு ஒரு சாலட் செய்வீங்களாமே. எங்கம்மா கையில அதுக்கு மேல ருசியா ஒண்ணு கெடையாதுன்னு சொல்லிட்டே இருக்கார். எப்படிச் செய்யறது?" இரண்டில் ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியும். அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்து சேராது. அது தெரிந்துதான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபோனை வைத்ததும் உன் நைனா, வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னா சொல்றான்?" என்றார். "அந்த சாலட் எப்படிச் செய்யறதுனு மருமக கேக்குது" என்றேன். "எந்த சாலட்டு?" என்றவர், ஞாபகம் வந்ததும் மறுபடி கண்ணியை எண்ண ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீ மட்டும் பதினாறு வருடமாக அதை ஒரு விருந்துபோல ஞாபகம் வைத்திருக்கிறாய். நீ ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். அது எனக்கு ஆச்சரியமாகவும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

முதலில் வெங்காயம். ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, தனியாகப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு மற்றதோடு கலந்தால் காரம் அப்படியே நிற்கும், கடைசி வரை நாக்கில் அதுதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை நந்தினி சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக வரும். சமையல் என்று சொல்ல இதில் வேறு ஒன்றும் இல்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு டச்சு அம்மா. நான் எம்.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, பழவேற்காட்டில் இருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைகளில் செதுக்கியிருப்பதைப் படியெடுக்க அவர் வந்தார். ஆங்கிலம் தெரிந்த உள்ளூர்ப் பெண் என்று என்னை அவருக்குத் துணையாக அனுப்பினார்கள். மத்தியானம் ஆனதும் அவர் ஒரு கல்மேடையில் துண்டை விரித்து, பையிலிருந்து ஒரு மீன் டப்பா, ஒரு பீன்ஸ் டப்பா, வெங்காயம், எலுமிச்சம்பழம், மடக்குக் கத்தி எல்லாம் எடுத்து வைத்தார். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. கூப்பிடு தூரத்தில் உயிர் நண்டு விற்கிறார்கள், இந்த அம்மா எத்தனையோ மாதம் முன்னால் செத்த மீனைத் தகரத்திலிருந்து சுரண்டுகிறார். ஆனால் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அவருடைய அப்பா கப்பலில் வேலை பார்த்தவராம். கரை கிடைக்காத நாட்களில் கப்பலில் இதைத்தான் கலந்து சாப்பிடுவார்களாம். கரையிலேயே இருந்துகொண்டு கரை கிடைக்காதவர்களுக்கும் இது உதவும் என்று அன்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்து டச்சுக்காரர்களைப் பற்றித்தான் என் ஆய்வுரை. இருநூறு வருடத்துக்கு மேல் இங்கே இருந்தார்கள். சுற்றிலும் அகழி வெட்டிக் கோட்டைக்குள் இருந்தார்கள். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் ஆழத்தில் நிற்கும். துணி மூட்டையை ஏற்றவும் சரக்கை இறக்கவும் இந்தக் கரையில் படகு ஓட்டுகிறவர்கள் வேண்டும். இவர்கள் ஒருநாள் படகை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டால் பீரங்கி வைத்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன். ஆதாரம் இல்லை என்று வழிகாட்டி அடித்துவிட்டார். இப்போது கேட்டால் ஆதாரம் கொடுப்பேன். நம்மோடு பேசாமல், நம்மைத் தொடாமல், அடிக்காமல், ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்ட இந்தக் குப்பத்துக்குத் தெரியும். பூட்டு கூடத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் கோயிலைத் தாண்டிப் போகிற ஒரே ஒரு மண் ரோடு.

நந்தினி ஆரணிக்காரப் பெண். அவளுக்குப் பாடு என்றால் என்னவென்று தெரியாது, நீ சொல்லியிருக்கவும் மாட்டாய். ஏரி கடலோடு சேருகிற முகத்தில் மீனும் இறாலும் அதிகம் விழும். அங்கே யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுக்கும். அந்த முறைக்குப் பெயர் பாடு. கல்யாணமான ஆண்களுக்குத்தான் அதில் பெயர் உண்டு. பாட்டில் பெயர் இருந்தால் நீ ஊர்க்காரன், இல்லையென்றால் கரையில் குடியிருக்கிறவன். பதினாறு வருடம் முன்னால் நம் குப்பத்து மல்லிகாவின் புருஷன் காய்ச்சலில் செத்தபோது அவளுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். பாட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவள் முறையில் அவள் தம்பி வலை கட்டட்டும், கிடைப்பதில் அவளுக்குப் பங்கு வரட்டும் என்று கேட்டாள். அப்படி வழக்கம் இல்லை என்றார்கள். அவள் என்னிடம் வந்து, "டீச்சர், நீ படிச்சவ, ஒரு மனு எழுதிக் குடு" என்றாள். நான் கலெக்டருக்கு எழுதினேன். நல்ல மனு. மூன்று பக்கம், பிழை இல்லாமல், பாட்டின் சரித்திரமெல்லாம் சேர்த்து. எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் விஷயத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது மட்டும் அந்த மூன்று பக்கத்தில் இல்லை. உன் நைனாவிடம் நான் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

விசாரிக்க ஒரு ஜீப் வந்தது. அது போன மறுநாள் ஊர் கூடி நம் வீட்டைத் தள்ளி வைத்தது. யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, உன் நைனாவின் படகில் யாரும் ஏறக்கூடாது, நம் வீட்டுக்கு யாரும் மீன் கொடுக்கக்கூடாது. ஃபைபர் படகைத் தனியாளாகத் தள்ளி அலையைத் தாண்ட முடியுமா? அவர் கரையிலேயே உட்கார்ந்து, கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். உனக்கு அப்போது பத்து வயது. உன்கூட விளையாட யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் பேசினார், ஆனால் நம்மிடம் இல்லை. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன் ஆட்டிடம் பேசுவாள். "ஏ ஆடு, கொழாய்ல தண்ணி வந்துச்சி, எல்லாரும் புடிச்சிட்டு போய்ட்டாங்க, போய் குடி." நான் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன். "ஏ ஆடு, உன் புள்ள மொகத்த தொங்கப் போட்டுனு நிக்கிறான், சாப்ட்டானா இல்லியா?" நீ சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். ஆட்டுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று ஊர் சொல்லவில்லையே என்று நானும் ஓரிரு முறை பதில் சொன்னேன்.

மீன் டப்பாவைத் திறந்ததும் எண்ணெயை முழுக்க வடித்துவிட வேண்டும் என்று நந்தினியிடம் சொல். கானாங்கத்தை நல்லது, இல்லையென்றால் மத்தி. தக்காளிக் குழம்பில் ஊறிய டப்பா வேண்டாம், எண்ணெயிலோ உப்புத் தண்ணீரிலோ இருப்பது போதும். பீன்ஸ் டப்பாவில் இருக்கும் கொழகொழத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நுரை போகும் வரை குழாயடியில் அலச வேண்டும். சிவப்பு பீன்ஸ்தான் நமக்குப் பழக்கம்.

அப்போது நான் தினமும் பொன்னேரிக்கு பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு பெரிய கடையில் டப்பா மீனைப் பார்த்ததும் அந்த டச்சு அம்மா ஞாபகம் வந்தது. நீ ஆறு நாளாக மீன் இல்லாமல் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாய். இரண்டு டப்பா வாங்கி வந்தேன். அன்றைக்குத்தான் நான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன். ஊர் தப்பு என்று சொன்னது எதையும் நான் இன்று வரை தப்பாக நினைக்கவில்லை. இதை நினைக்கிறேன்.

நான் அதைக் குழம்பு வைத்தேன். புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, மீனைப் போட்டதும் வாசனை கிளம்பியது. இந்தக் குப்பத்தில் யார் வீட்டில் என்ன மீன் கொதிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கால் மணி நேரத்தில் வாசலில் நாலு பேர். நம்மிடம் பேசக்கூடாதே, அதனால் நம் வாசலில் நின்றுகொண்டு கஸ்தூரி வீட்டைப் பார்த்துப் பேசினார்கள். "தள்ளி வெச்ச ஊட்ல மீன் கொதிக்குது. யாரு குட்த்தது?" கஸ்தூரி வெளியே வந்து, "நான் ஒரு செதிலு கூட குடுக்கல" என்றாள். "பக்கத்து ஊடு நீதான். ஆட்டாண்ட பேசறவளும் நீதான்." என் கையில் காலி டப்பா இருந்தது. அதை வாசலில் வைத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. உன் நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அத காட்டாத. கடலுக்குப் போறவன் ஊட்ல தகர டப்பா மீன் துன்றாங்கனு இந்த ஜென்மத்துக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க." அவர் பிடித்தது ரொம்பப் பலமான பிடி இல்லை. நான் உதறியிருக்கலாம். நான் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கஸ்தூரியின் புருஷன் மூன்று நாள் கடலுக்குப் போகக்கூடாது என்று ஊர் சொன்னது. அந்த மூன்று நாளும் அவர்கள் வீட்டிலும் மீன் இல்லை. அவள் யாரிடம் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. அதன் பிறகு அவள் சுவர்ப் பக்கம் வரவில்லை. ஆடு கத்தும், அவள் ஒன்றும் பேச மாட்டாள். நீ என்னிடம், "ஆடு ஏம்மா நம்மகிட்ட பேசறதில்ல?" என்று கேட்டாய். ஊர் முழுக்கப் பேசாதது எனக்குப் பழகியிருந்தது. அது பழகவே இல்லை.

அன்றிலிருந்து நம் வீட்டில் மீன் அடுப்பு ஏறவில்லை. வாசனை வெளியே போனால் இன்னொருவர் தலையில் விடியும். அதனால்தான் சாலட். சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு, வெங்காயத்தை ஊறவைத்து, வெள்ளரிக்காயையும் விதை எடுத்த தக்காளியையும் பச்சை மிளகாயையும் நறுக்கி, பீன்ஸோடு கலந்து, கொத்தமல்லி தூவி, கடைசியில்தான் மீன். ஸ்பூனால் கிளறக்கூடாது. விரலால் பெரிய பெரிய துண்டாக உடைத்து மேலே வைத்து, கிண்ணத்தைக் குலுக்க வேண்டும். கொஞ்சம் மிளகுத்தூள். அவ்வளவுதான். சிலிண்டர் தீர்ந்த பிறகு, அதைக் கொண்டுவந்து போடுகிறவரும் நம் ஊர்க்காரர்தான் என்பதால், சோறும் இல்லாமல் பொன்னேரியிலிருந்து ரொட்டி வாங்கி வந்து அதற்குள் வைத்துக் கொடுத்தேன். உன் நைனா டப்பா மீனிலும் முள்ளைத் தேடி எடுத்து ஓரத்தில் வைப்பார். "முள்ளு கூட மெத்துனு கீது. இது மீனே இல்ல" என்பார். நீ அந்த முள்ளையும் எடுத்துச் சாப்பிடுவாய். மூன்று பேரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டோம். அதற்கு முன்னும் பின்னும் நாம் அப்படிச் சாப்பிட்டதில்லை. அவர் கடலில் இருப்பார், நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். உனக்கு அது ருசியாக இருந்ததற்கு அதுதான் காரணமோ என்று நேற்று நந்தினி பேசிய பிறகு தோன்றியது. காலி டப்பாக்களைச் செய்தித்தாளில் சுற்றி, பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். பழவேற்காட்டில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் அந்தக் கல்லறைகளுக்குள் போய் உட்காருவேன். என்னோடு வேண்டுமென்றே பேசாமல் இருப்பவர்கள் அங்கே யாரும் இல்லை.

இருபத்து மூன்றாவது நாள் நான் தோற்றேன். உன் நைனா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் காலையில் எழுந்து, போக முடியாத படகின் மேல் படிந்த மணலைத் துடைத்துவிட்டு வருவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்கள் பேசுகிற இடம் இல்லை அது. ஆனால் எழுதியவள் நான் என்பதால் என்னையே சொல்லச் சொன்னார்கள். "தெரியாம செஞ்சிட்டேன்" என்றேன். மூன்று பக்கம் பிழையில்லாமல் எழுதியவள் தெரியாமல் செய்தாளாம். எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும். பொய் என்பதால்தான் அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. உண்மையை ஒத்துக்கொள்ள வைப்பதில் என்ன பெரிய வெற்றி? மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மல்லிகா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு சுண்ணாம்புக்குளத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். ஒருமுறை எளாவூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "நல்லாகீறியா டீச்சர், பையன் நல்லா படிக்கிறானா?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு கூடை மடவை வந்தது. சேர்த்துக்கொண்டதற்கு அது அடையாளம். துடிக்கிற மீன். நான் குழம்பு வைத்தேன், வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வைத்தேன். நீ தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கி சாலட் இல்லியா?" என்று அழுதாய். உன் நைனா உன்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

கஸ்தூரி மறுபடி என்னோடு பேசினாள், எல்லாரும் பேசினார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வருகிறோம். ஆனால் அந்த டப்பாவைப் பற்றி அவளிடம் நான் சொல்லவே இல்லை. சொல்ல ஒரு நாள் கிடைக்கும் என்று முதல் வருடம் நினைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று நினைத்தேன். சந்தேகப்படுவதும் காரணம் கேட்பதும்தான் என் படிப்பு எனக்குக் கொடுத்தவை. அவற்றை வைத்து ஒரு காரியத்தைச் செய்யாமல் இருக்கவும் நன்றாகக் காரணம் கண்டுபிடிக்கலாம். உனக்கு என்னிடமிருந்து எது வேண்டுமானாலும் வரட்டும், இது வர வேண்டாம்.

இப்போது உன் விஷயம். நீ போன மாதம் ஊரைக் கேட்காமல், ஊருக்கு வெளியே ஒரு பெண்ணை, ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாய். நீயும் நந்தினியும் வந்து ஊர் முன்னால் தப்பு என்று சொன்னால் உன் பெயரும் பாட்டில் ஏறும், ஒன்றும் நடக்காதது போல எல்லாரும் மொய் எழுதுவார்கள். சொல்லவில்லையென்றால் மறுபடி அந்த வீடு, அந்த ஜன்னல். நீ சென்னையில் இருக்கிறாய், உன்னை அது தொடாது. உன் நைனாவுக்கு அடுத்த வாரம் பாடு வருகிறது. மழை விழுந்து ஏரி முகம் திறந்திருக்கிறது, இறால் ஏறுகிற நேரம். அவருக்கு முழங்கால் போய்விட்டது, ஆனாலும் தண்ணீரில் இறங்காத நாளில் அவர் மனுஷராக இருப்பதில்லை. உன்னை வா என்றால் நீ வந்து சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். பிறகு அந்த வார்த்தை உன் வாயில் எத்தனை வருடம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வராதே என்றால் அவரைக் கரையில் உட்கார வைப்பது நான். மத்தியானம் அவரிடமே கேட்டேன். "நான் இன்னாத்த சொல்றது? போன தபா நீ என்னைக் கேட்டா மனு எழுதின?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்கு மேல் எனக்கு எந்தப் பக்கம் நகரவும் இடமில்லை.

நந்தினிக்கு இன்னும் ஒன்று. கலந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். இந்தக் கதையையும் அவளிடம் சொல். ருசியை மட்டும் கொடுத்து ஒரு பெண்ணை நம் வீட்டுக்குள் கூட்டி வராதே.

மேலே உள்ளது சனிக்கிழமை எழுதியது. இது திங்கட்கிழமை. நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், பாதியில் நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சொல்லாமல் முதல் பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். நந்தினி கையில் ஒரு துணிப்பை. பத்து மணிக்குக் கோயில் முன்னால் ஊர் கூடியது. உன்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள். நீ என்னைப் பார்த்தாய். ஊர்ப் பெரியவரும் நீ பார்த்ததைப் பார்த்தார். "அம்மா மொகத்த இன்னாத்துக்குப் பாக்கற?" என்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீயே சொல்லிக் குடேன் புள்ளைக்கி. எப்டி சொல்றதுனு ஒனக்குத் தெரியுமே." பின்னால் சிலர் சிரித்தார்கள். நான் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் இல்லை. "தெரியும்" என்றேன். "சொல்லிட்டு பதினாறு வருஷம் இருந்து பாத்திருக்கேன். அதனாலதான் அவன சொல்ல வேணாம்ங்கறேன்." யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் உன் நைனாவைப் பார்த்து, "நீ இன்னாய்யா சொல்ற? அடுத்த வாரம் ஒனக்குப் பாடு" என்றார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "அவதான் சொல்லிட்டாளே" என்றார். ஆடி மாதத் திருவிழா வரைக்கும் நம் வீட்டைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த வாரப் பாட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். நாம் நாலு பேரும் அந்த ஒரே ரோட்டில் வீட்டுக்கு நடந்தோம். உன் நைனா முழங்காலால் கொஞ்சம் பின்தங்கி வந்தார், அல்லது தனியாக வர நினைத்தார், எனக்குத் தெரியவில்லை.

நந்தினியின் பையில் நாலு மீன் டப்பாவும் மூன்று பீன்ஸ் டப்பாவும் இருந்தன. வெங்காயத்தை அவளே நறுக்கினாள், நான் சொன்னபடி பத்து நிமிடம் பொறுத்தாள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். நீ, "தெறந்தே இருக்கட்டும்மா" என்றாய். கலந்து முடித்ததும் ஒரு கிண்ணத்தில் எடுத்தேன். காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கஸ்தூரி அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைச் சுவர் மேல் வைத்தேன், பக்கத்தில் டப்பாவை வைத்தேன். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் தரையைப் பார்த்து, "ஏ ஆடு" என்றேன். "அன்னைக்கி எங்க வீட்ல கொதிச்சது இந்த டப்பா மீன். யாரும் குடுக்கல. என் கையில டப்பா இருந்திச்சி, நான் காட்டல."

அவள் துணியைக் கொடியில் போட்டு முடித்தாள். வந்து டப்பாவை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். அதைச் சுவரில் வைத்துவிட்டு, கிண்ணத்திலிருந்து விரலால் ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை, தன் காலடியைப் பார்த்தாள்.

"ஏ ஆடு," என்றாள், "இந்தக் கருமத்துக்கா எங்க ஊட்டுக்காரரு மூணு நாளு கரைல குந்தினு கெடந்தாரு? உப்பு கூட பத்தல." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கஸ்தூரி ஆடு வளர்ப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது.